ப்ளீச்சிங் பவுடர் போட்டதும் தண்ணி டீ கலர் ஆயிடுச்சு – அவசரம்

கரிசல்காடு: தொட்டில ப்ளீச்சிங் பவுடர் போட்டேன். அரை மணில டிகாஷன் மாதிரி ஆயிடுச்சு. பவுடர் கலப்படமா? குடிக்கலாமா?

குழாயடி: போரா, கிணறா, பஞ்சாயத்துத் தண்ணியா? தொட்டி எத்தனை லிட்டர்? எவ்வளவு போட்டீங்க?

படிகாரம்: கலங்கல்தான். படிகாரக் கட்டிய நாலு சுத்து சுத்துங்க, தெளிஞ்சிடும்.

நீர்மானி: மாசத்துக்கு ஒருதரம் இதே கேள்வி. பழைய பதிவு இழையத் தேட யாருக்கும் பொறுமை இல்ல. பவுடர்ல குத்தம் இல்ல, தண்ணில இரும்பு. கரைஞ்சு இருக்கற வரைக்கும் கண்ணுக்குத் தெரியாது, குளோரின் பட்டதும் துருவாத் திரளும். 1 மி.கி. இரும்பு சுமார் 0.64 மி.கி. குளோரினைத் தின்னுடும். மிச்சம் நின்னாத்தான் கிருமி சாகும்.

கரிசல்காடு: போர்தான் சார். 2000 லிட்டர். ரெண்டு கை அள்ளிப் போட்டேன்.

குழாயடி: ரெண்டு கையா! புதுப் பவுடர்ல 33% வரைக்கும் குளோரின் இருக்கும். தெளிஞ்ச தண்ணின்னா 1000 லிட்டருக்கு 4–5 கிராம் போதும். பாக்கெட் பிரிச்சு எத்தனை நாளாச்சு? காத்துப் பட்டா வீரியம் போயிடும்.

ஆர்ஓ_பிரியன்: எதுக்கு இந்த அவஸ்தை? ஆர்ஓ மாட்டுங்க.

நீர்மானி: இரும்புத் தண்ணிய நேரா விட்டா ஆர்ஓ உள்ள இருக்கற மெம்ப்ரேன், அதாவது வடிகட்டற சவ்வு, துரு அடைச்சுக்கும். குளோரின் அந்தச் சவ்வை அரிச்சிடும். தெரிஞ்சுட்டுப் பேசுங்க.

வெந்நீர்: தளதளன்னு 1 நிமிஷம் கொதிச்சா போதும்.

ஆர்ஓ_பிரியன்: கொதிச்சா உப்பு போகுமா? டிடிஎஸ் மீட்டர் வச்சுப் பாருங்க.

வெந்நீர்: உங்க மீட்டர்ல கிருமி தெரியுமா?

குழாயடி: சண்டைய தனி இழைல வச்சுக்கோங்க. கரிசல், இந்தத் தண்ணி குடிக்க வேணாம். முதல்ல புதுசா போர் தண்ணி ஒரு டம்ளர் பிடிச்சு கொய்யா இலைய கசக்கிப் போடுங்க. கருநீலமா மாறினா இரும்பு. அப்புறம் தொட்டிய காலி பண்ணிக் கழுவி, குழாய் முனைல ஷவர் மாட்டி உயரத்துல இருந்து தண்ணிய விழ விடுங்க. காத்துப் பட்டே இரும்பு திரளும். ராத்திரி தெளிய விட்டு, மேல் தண்ணிய மட்டும் மணல் வடிகட்டி வழியா அடுத்த தொட்டிக்கு எடுங்க. பவுடர் அதுக்கப்புறம்தான். பிளாஸ்டிக் வாளில கரைச்சு, சுண்ணாம்பு அடில தங்கினதும் தெளிஞ்சத மட்டும் ஊத்துங்க. அரை மணி கழிச்சு குளோரின் லிட்டருக்கு 0.2 மி.கி.யாவது நிக்கணும்.

நீர்மானி: குளோரின் நிக்குதான்னு பாக்க மஞ்சள் காட்டுற ஓ.டி. (OT) சொட்டு வாங்காதீங்க. இரும்பு மிச்சம் இருந்தா அதுவே மஞ்சள் காட்டி ஏமாத்தும். ரோஸ் நிறம் வர்ற டி.பி.டி. (DPD) சோதனை மாத்திரை கேளுங்க.

கரிசல்காடு: இலை கருத்துப் போச்சு. தொட்டிய திறந்து விட்டாச்சு. மணல் எவ்வளவு உசரம்?

ஆர்ஓ_பிரியன்: வெந்நீர் இன்னும் உப்புக்குப் பதில் சொல்லல.