நாவலர் நாடகம்: காசுக் கணக்கில் மாட்டிக்கொண்டேன்

கலட்டி வாத்தியார்:
யாழ்ப்பாணத்தில் தமிழ் படிப்பிக்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆறுமுக நாவலரைப் பற்றி ஒரு பத்து நிமிட நாடகம் எழுதுகிறேன். வருஷம் 1848. பேர்சிவல் பாதிரியாரின் வெஸ்லியன் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் ஆறுமுகம், வண்ணார்பண்ணையில் சைவப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிக்கூடம் தொடங்குவதா என்று இரவில் திண்ணையில் இருந்து யோசிக்கிறார். "நாவலரே, இன்னும் நித்திரை இல்லையோ?" என்று ஒரு நண்பர் வருவார். உடனே இவர் எழும்பி, பாதிரிமாரை ஒரு கை பார்க்கிறேன் என்று முழங்குவார். ஒத்திகையில் ஒரு பெடியன், "சேர், இவருக்குக் காசு எங்காலை?" என்றான். எனக்குப் பதில் வரவில்லை. அந்த மனுஷன் எதை எதை எண்ணிப் பார்த்திருப்பார்?

வேம்படியான்:
வாத்தியார், முதலில் அந்த "நாவலரே"யை வெட்டுங்கோ. அந்தப் பட்டம் 1849இல் திருவாவடுதுறை ஆதீனம் என்ற சைவ மடம் கொடுத்தது. 1848இல் அவர் வெறும் ஆறுமுகம்தான். வயதும் 25. பிறந்தது 1822 டிசம்பர். உங்கள் பெடியனுக்கு நரை பூசி விடாதேங்கோ!

முழக்கமும் பொருந்தாது. பேர்சிவலோடு இருந்து பைபிளைத் தமிழாக்க உதவியவர் அவர். பாதிரிமார் பள்ளிக்கூடம் நடத்துகிற விதத்தை உள்ளே இருந்து பார்த்தவர். அவர்களிடம் அச்சுக்கூடம் இருந்தது, பாடப்புத்தகம் இருந்தது. இவரிடம் ஏடு. ஒரு வகுப்புக்கு ஏட்டைப் பிரதி எடுத்துக் கட்டுமா? அதனால்தான் பள்ளிக்கூடம் தொடங்கின அடுத்த வருஷமே அச்சுப்பொறி வாங்கத் தமிழ்நாட்டுக்குக் கப்பல் ஏறினார்.

நல்லூர் மச்சான்:
காசு பிடி அரிசிதான். உலை வைக்கும்போது வீட்டுக்காரி ஒரு பிடியைத் தனியாக எடுத்து வைப்பாள், அது பள்ளிக்கூடத்துக்கு. அவரிடம் படித்தவர்களே சம்பளம் இல்லாமல் வந்து படிப்பித்தார்கள். அரிசியில் பள்ளிக்கூடம் எத்தனை மாதம் ஓடும் என்று அவர் யோசிக்காமல் இருந்திருப்பாரா? பிறகு 1872இல் இங்கிலிஷ் பள்ளிக்கூடமும் தொடங்கிப் பார்த்தார். பணம் இல்லாமல் சில வருஷத்தில் நின்றுபோனது.

காவிரிக்கரை:
சார், நான் தஞ்சாவூர்ப் பக்கம். நாடகத்தில் இதையும் ஒரு வரி தொட்டால் நல்லது: அந்தப் பள்ளிக்கூடம் எல்லாச் சாதிக்கும் திறந்த பள்ளிக்கூடம் இல்லை. சாதி விஷயத்தில் நாவலர் பழைய ஆள்தான். அதே 1848இல் புனேயில் ஜோதிராவ், சாவித்திரிபாய் பூலே தம்பதி பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்தார்கள். நண்பர் பாத்திரம், "எந்தப் பிள்ளைகள்?" என்று கேட்டால் போதும், அவர் பதில் சொல்லாமல் விளக்குத் திரியைத் தூண்டட்டும்.

கலட்டி வாத்தியார்:
தம்பி, அந்தத் திரியை எடுத்துக்கொண்டேன். முழக்கம் போய்விட்டது. இப்போது திரை விலகும்போது ஆறுமுகம் ஒரு சுளகில் அரிசியைப் பிடி பிடியாக அளந்து எண்ணிக்கொண்டிருக்கிறார். காசு கேட்ட பெடியன்தான் ஆறுமுகம். ஒத்திகைக்கு அரிசி அவன் வீட்டிலிருந்தே வருகிறது, தாய்க்குத் தெரியுமோ தெரியாது.