'பாஸ் அவுட்' ஆனேன் என்றால் மயங்கி விழுந்தேன் என்று மட்டும்தான் அர்த்தமா?

பட்டாளத்தான்_தோவாளை:
வடசேரி பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சுவரில் ஒரு இங்கிலீஷ் வகுப்பு நோட்டீஸ். '2015இல் பாஸ் அவுட் ஆனேன் என்று சொல்லாதீர்கள், மயங்கி விழுந்தேன் என்றுதான் அர்த்தம், இது இந்தியர்கள் உண்டாக்கிய தப்பு' என்று சிவப்பு எழுத்தில் அடித்து ஒட்டியிருக்கிறார்கள். பார்த்ததும் பத்திக்கொண்டு வந்தது. பரங்கிமலை ஆபீசர்ஸ் டிரெய்னிங் அகாடமியில் பயிற்சி முடிக்கிறவர்களுக்குப் பாஸிங் அவுட் பரேடு நடக்கிறதே, அத்தனை பேரும் மயங்கியா விழுகிறார்கள்? இது வெள்ளைக்காரன் பட்டாளத்துச் சொல்.

தக்கலை_டீச்சர்:
கேம்பிரிட்ஜ் அகராதியைப் பாருங்கள் சார். ராணுவக் கல்லூரியில் பயிற்சி முடிப்பது, பிரிட்டிஷ் வழக்கு என்று போட்டிருக்கிறது. ராணுவக் கல்லூரி! பி.காம். முடித்தவன் எந்தப் பரேடில் நடந்தான்? கிராஜுவேட் என்று சொல்ல என்ன கஷ்டம்? வெளிநாட்டு இன்டர்வியூவில் பிள்ளைகள்தான் முழிக்கிறார்கள்.

பட்டாளத்தான்_தோவாளை:
சொல் அங்கே உண்டு என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அப்புறம் இந்தியன் எங்கே உண்டாக்கினான்? கிழக்கிந்தியக் கம்பெனி 1809 முதல் 1861 வரை லண்டனுக்குப் பக்கத்தில் அடிஸ்கோம்பில் ராணுவப் பள்ளி நடத்தியது. அங்கே படித்தவர்கள் இங்கே அதிகாரியாக வந்தார்கள். சொல்லும் அவர்கள் கூடத்தான் வந்திருக்கும். மயக்க அர்த்தம் 1915 வாக்கில்தான் எழுத்தில் வருகிறது. எது மூத்தது?

தக்கலை_டீச்சர்:
மூத்தது எது என்று யார் கேட்டார்கள்? ராணுவக் கல்லூரி என்று இருக்கிறதா, இல்லையா?

பட்டாளத்தான்_தோவாளை:
லண்டன் ஹெண்டனில் போலீஸ்காரர்களுக்கும் பாஸிங் அவுட் பரேடு நடந்திருக்கிறது. போலீஸ் என்ன ராணுவமா?

மார்த்தாண்டம்_மக்கா:
டீச்சர் சொல்வதுதான் சரி. அண்ணாச்சி எல்லாவற்றுக்கும் பட்டாளத்தை இழுப்பார். மட்டிப்பழமா செவ்வாழையா என்ற சண்டையிலும் இதையேதான் செய்தார்.

பட்டாளத்தான்_தோவாளை:
மட்டிப்பழத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததும் வாயை மூடியவன்தானே நீ? இங்கே எதுக்குடே அதை எடுக்கிறாய்?

குளச்சல்_கடலோடி:
1741இல் எங்கள் ஊர்ச் சண்டையில் பிடிபட்ட, டச்சுப் படையைச் சேர்ந்த டிலனாய்தான் திருவிதாங்கூர் படைக்கே பயிற்சி கொடுத்தார். அதைப் பற்றி யாராவது பேசினீர்களா?

தக்கலை_டீச்சர்:
அவர் கல்லறை இருக்கும் உதயகிரிக் கோட்டை தக்கலைப் பக்கம். குளச்சல் கணக்கில் எழுதாதீர்கள். சார், நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை. பி.காம். பையன் எந்தப் பரேடில் நடந்தான்?

பட்டாளத்தான்_தோவாளை:
பரேடு, பரேடு என்று அதையே பிடித்துத் தொங்குகிறீர்கள். பரங்கிமலையில் பரேடு முடிகிற இடத்தில் 'அந்திம் பக்' என்று எழுதியிருக்கும். கடைசி அடி. அதைத் தாண்டினால் பயிற்சி முடிந்தது, ஆள் வெளியே. அதுதான் அவுட். காலேஜ் பையனும் படித்து முடித்து வெளியேதானே வருகிறான்? அந்த நோட்டீஸைக் கிழிக்கிற வரைக்கும் எழுதுவேன்.

தக்கலை_டீச்சர்:
எழுதுங்கள். அகராதியில் ராணுவக் கல்லூரி என்றுதான் இருக்கிறது.

மார்த்தாண்டம்_மக்கா:
அண்ணாச்சி, மட்டிப்பழத்தில் நான் எப்போது வாயை மூடினேன்? அந்தப் பேச்சை எடுத்துப் போடுங்கள், பார்ப்போம்.