தாங்குதிறனா, பொறையா? உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டுரைக்குச் சில சொற்கள்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். நோய் எதிர்ப்பு மண்டலமே கணையத்தைத் தாக்குவதால் வருவது முதல் வகை நீரிழிவு. அதற்கான பெப்டைடு (அமினோ அமிலங்களின் குறுஞ்சங்கிலி) மருத்துவத்தையும், அதனால் உமிழ்நீர்ச் சுரப்பி என்னவாகிறது என்பதையும் பற்றிய கட்டுரையில் மூன்று இடத்தில் சொல் இடறுகிறது.

நோய் எதிர்ப்பு மண்டலம் சொந்த உடலைத் தாக்காமல் அடங்கியிருக்கும் நிலைக்குத் "தாங்குதிறன்" என்று போட்டிருந்தேன். அடுத்த பக்கத்திலேயே 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கவைத்து 2 மணி நேரம் கழித்து இரத்தம் எடுக்கும் சோதனை வருகிறது. அதற்கும் குளுக்கோஸ் தாங்குதிறன் என்றே பெயர். படிக்கிற மாணவர் குழம்பிப் போவார். அடுத்தது, உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் நிணச்செல்கள் (எதிர்ப்பு மண்டலத்தின் வெள்ளையணுக்கள்) வந்து கூடுவதற்கு "அழற்சி" போதுமா என்பது. கடைசியாக, உமிழ்நீர் சுரக்கும் வேகத்துக்கு ஒரு சொல் வேண்டும்.

மருத்துவத்தின் பெயரைத் "தடுப்பூசி" என்று ஒருவர் திருத்தியிருந்தார். எனக்கு ஒப்பவில்லை. தடுப்பூசி எதிர்ப்பை எழுப்புவது. இது எழுந்துவிட்ட எதிர்ப்பைத் தணிக்கப் பார்ப்பது.

அம்பாசமுத்திரத்திலிருந்து,
தம்பி

*

அன்புத் தம்பிக்கு,

தடுப்பூசி வேண்டாம், சரிதான். "சகிப்பு" என்பதையும் விட்டுவிடலாம். நோயாளிக்கு மருந்து ஒத்துக்கொண்டது என்று சொல்ல அந்தச் சொல் தேவைப்படுகிறது. பொறை என்றே வைப்போம். சின்னச் சொல், பழைய சொல், இந்தத் துறையில் வேறு வேலை எதுவும் அதற்கு இல்லை.

"பொறையூட்டல்" என்று எழுதிப் பார்த்தேன். ஊட்டல் என்றதும் வாய்வழி கொடுப்பது என்று தோன்றும். இன்சுலினை வாய்வழி கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் தனியே உண்டு. நாம் எழுதுவதோ இன்சுலினின் இரு சங்கிலிகளில் ஒன்றான பி சங்கிலியின் 9 முதல் 23 வரையான 15 அமினோ அமிலங்களைத் தோலடியில் போடுவது பற்றி. அதனால் "பொறை பழக்கல்" என்கிறேன். உழவுக்குக் காளை பழக்குகிற அதே பழக்கல்தான். பழக்கினால் வசப்படும் என்ற உறுதி அதில் இல்லை, அதுவும் இங்கே பொருந்துகிறது. இதே பெப்டைடைத் திரும்பத் திரும்பப் போட்டபோது என்ஓடி (NOD, தானாகவே நீரிழிவு வரும் ஆய்வக வகை) சுண்டெலிகளுக்கு உயிரைப் பறிக்கும் ஒவ்வாமை அதிர்ச்சி வந்திருக்கிறது. மனிதரில் இது அன்றாட மருத்துவமாக வரவில்லை, இன்சுலின்தான் மருந்து என்பதைக் கட்டுரையின் முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள்.

அழற்சி போதாது. கல் அடைத்துச் சீழ் பிடித்த சுரப்பி சிவக்கும், சுடும், வலிக்கும். அதற்கு அழற்சி சரி. இங்கே நடப்பது வேறு. சுரப்பியை மெல்லிசாகச் சீவிச் சாயமேற்றிய சீவலை நுண்ணோக்கியில் வைத்தால், உமிழ்நீர் நாளத்தைச் சுற்றிக் கருநீலப் புள்ளிகள் நெருக்கியடித்து நிற்கும், கருப்பட்டித் துண்டில் எறும்பு மொய்த்த மாதிரி. ஆகவே "நிணச்செல் மொய்ப்பு". 50 அல்லது அதற்கு மேற்பட்ட நிணச்செல்கள் ஓரிடத்தில் கூடினால் ஒரு "மொய்க்குவியல்". 4 சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை குவியல் என்பது கணக்கு. குவியலைத் "திட்டு" என்று எழுதிவிடாதீர்கள், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் திட்டுகள் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டுவிட்டன. சீவலின் பரப்பை அளக்காமல் குவியலை மட்டும் எண்ணினால் கணக்கு தப்பும். சிறிய சீவலில் ஒரே குவியல் மதிப்பைத் தூக்கிவிடும்.

மொய் என்றால் கல்யாண வீட்டு மொய் நினைவுக்கு வராதா என்று கேட்பார்கள். நம் பக்கத்தில் அதைச் சுருள் என்று சொல்கிறவர்களும் உண்டு, பெரிய தடை இல்லை.

மூன்றாவதுதான் என்னை அதிகம் இழுத்தடித்தது. எச்சில் ஊறுகிறது என்பதுதான் பேச்சு. ஆனால் "ஊறல்" என்றால் சாராய ஊறல். "ஊறுவீதம்" என்றால் ஊறு, அதாவது காயம், என்று படிக்க இடமுண்டு. "ஊற்றளவு" தெளிவாக இருக்கிறது. மாஞ்சோலைக்கு மேலே ஊத்து என்றே ஓர் ஊர் இருக்க, இந்தச் சொல் யாருக்கும் அந்நியமாகாது. தூண்டாமல் தானாக ஊறுவது "ஓய்வு ஊற்றளவு", புளிப்போ மருந்தோ கொடுத்துப் பெறுவது "தூண்டிய ஊற்றளவு".

அளக்கும் முறையையும் சேர்த்துவிடுங்கள். ஒரு மணி நேரமாவது சாப்பிடாமல், குடிக்காமல், பல் துலக்காமல், வெற்றிலை போடாமல் இருந்தவர் தலையைச் சற்றுக் குனிந்து உட்கார்ந்து, முன்பே எடை பார்த்த குப்பிக்குள் 15 நிமிடம் எச்சிலைத் தானாக வடியவிட வேண்டும். காறித் துப்பினால் அது தூண்டிய ஊற்றளவாகிவிடும். பக்கத்தில் அல்வா கிண்டும் வாசம் வந்தாலும் அப்படித்தான். குப்பியின் அளவுக்கோட்டைப் பார்த்து அளந்தால் நுரை ஏமாற்றும். எடை பார்த்து 1 கிராமை 1 மில்லி என்று கொள்ளுங்கள். 15 நிமிடத்தில் 1.5 மில்லி அல்லது அதற்குக் கீழே என்றால் குறைவு. சளி, அரிப்பு மாத்திரைகளில் சில எச்சிலை வற்றவைக்கும், அதையும் கேட்டு எழுத வேண்டும்.

பாளையங்கோட்டையிலிருந்து,
அண்ணாச்சி

*

அண்ணாச்சி,

மூன்றும் எனக்குச் சம்மதம். ஆனால் மொய்ப்பும் ஊற்றளவும் ஒன்றுக்கொன்று மாற்றாகிவிடக் கூடாது. இரத்தச் சர்க்கரை ஏறிச் சிறுநீர் அதிகம் போனாலே வாய் வறளும், ஊற்றளவு விழும். சுரப்பியில் ஒரு குவியல்கூட இருக்க வேண்டியதில்லை. அதனால் ஊற்றளவுக்குப் பக்கத்திலேயே அன்றைய சர்க்கரை அளவும் வரும்படி அட்டவணையை மாற்றுகிறேன்.

"மொய்ப்பு" என்று தனியே விடாமல் உறுப்பின் பெயரோடுதான் எழுத வேண்டும் என்பதும் என் கருத்து. என்ஓடி வகையில் பெண் எலிக்குக் கீழ்த்தாடை உமிழ்நீர்ச் சுரப்பியிலும் ஆண் எலிக்குக் கண்ணீர்ச் சுரப்பியிலும் மொய்ப்பு மிகுதி. திசுப் பொருத்த மரபணுப் பகுதியை (MHC) மட்டும் மாற்றி வளர்த்த என்ஓடி வழியில் நீரிழிவு வருவதில்லை, உமிழ்நீர்ச் சுரப்பி மொய்ப்போ வருகிறது. கணையத்துக்குப் பொறை பழக்கினால் வாயும் தேறிவிடும் என்று எழுத நமக்கு ஆதாரம் இல்லை.

பழைய வரி: "பெப்டைடு தடுப்பூசி நீரிழிவைத் தடுத்து உமிழ்நீர்ச் சுரப்பி அழற்சியையும் குறைக்கும்." இப்படி மாற்றியிருக்கிறேன்: "பெப்டைடால் பொறை பழக்கிய எலிகளில் கணையத் திட்டு மொய்ப்பு, உமிழ்நீர்ச் சுரப்பி மொய்ப்பு, ஓய்வு ஊற்றளவு ஆகிய மூன்றையும் தனித்தனியே அளக்க வேண்டும்."