ஸ்டோல்பெரி: 143 வாக்கில் ஜெயித்தவர் 149 வாங்கித் தோற்றது எப்படி?

கேள்வி:
பின்லாந்தின் முதல் அதிபர் கே. யூ. ஸ்டோல்பெரி 1919-ல் 143 வாக்கு வாங்கி ஜெயித்திருக்கிறார். 1931-ல் 149, 1937-ல் 150 வாங்கியும் தோல்வி என்று பட்டியலில் இருக்கிறது. அச்சுப்பிழையா?

பதில் 1:
பிழை இல்லை, ஓட்டுப் போட்ட சபை வேறு. 1919 ஜூலை 17-ல் அப்போதைய தற்காலிக ஆட்சித் தலைவர் மன்னர்ஹைம் அரசியலமைப்பில் கையெழுத்திட்டார். முதல் அதிபரை மட்டும் 200 பேர் கொண்ட நாடாளுமன்றமே தேர்ந்தெடுத்தது. ஜூலை 25-ல் ஸ்டோல்பெரிக்கு 143, மன்னர்ஹைமுக்கு 50. அடுத்த தேர்தலிலிருந்து மக்கள் தேர்ந்தெடுத்து அனுப்பும் 300 தேர்வாளர்கள்தான் வாக்களித்தார்கள். அதில் ஜெயிக்க 151 வேண்டும். முதல் இரண்டு சுற்றிலும் யாரும் அதை எட்டாவிட்டால், முன்னணியில் உள்ள இருவருக்குள் மூன்றாம் சுற்று. நிர்வாகச் சட்டப் பேராசிரியரான ஸ்டோல்பெரிக்கு அந்த அரசியலமைப்பின் வரைவில் பெரும்பங்கு உண்டு. தன் விதியிலேயே மாட்டிக்கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும்!

பதில் 2:
1931-ஐ இரண்டாம் சுற்றிலிருந்து பாருங்கள்: ஸ்டோல்பெரி 149, பழமைவாதியான ஸ்வின்ஹுவுத் 98, விவசாயக் கட்சியின் கல்லியோ 53. மூன்றாம் சுற்றில் ஸ்டோல்பெரி அதே 149-ல் நின்றுவிட்டார். கல்லியோவின் 53 அப்படியே ஸ்வின்ஹுவுத்துக்குப் போனது. 98-ம் 53-ம் சேர்ந்தால் 151, கணக்கு முடிந்தது. வலதுசாரி லாபுவா இயக்கத்தின் மிரட்டல் ஓயாத காலம் அது. ஸ்டோல்பெரி வந்தால் கலகம் வெடிக்கும் என்ற பயம் விவசாயக் கட்சிக்குள் இருந்தது.

கேள்வி கேட்டவர்:
ஸ்டோல்பெரியைக் கடத்தியதும் இதே லாபுவா ஆட்கள்தானே? அந்த அனுதாபம் வாக்காக மாறவில்லையா? 1925-லும் தோற்றாரா?

பதில் 2:
1925-ல் அவர் நிற்கவே இல்லை. மறுபடியும் வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டார், ரெலாந்தர் அதிபராக வந்தார். கடத்தல் 1930 அக்டோபர் 14-ல். ஹெல்சிங்கியில் மனைவி எஸ்தரோடு சேர்த்துத் தூக்கிக் காரில் ஏற்றி, கிழக்கே யொயென்சூ வரை கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். லாபுவாவின் பெயர் அதில் நன்றாகவே கெட்டது. ஆனால் அனுதாபம் வேறு, தேர்வாளரின் கட்சிக் கணக்கு வேறு.

பதில் 1:
1937 இதைவிடக் கொடுமை. முதல் சுற்றிலேயே 150, ஒன்று குறைவு. அப்போது அதிபராக இருந்த ஸ்வின்ஹுவுத்தை வீழ்த்தத்தான் சமூக ஜனநாயகவாதிகள் ஸ்டோல்பெரியை ஆதரித்தார்கள். அது பலிக்காததால் இரண்டாம் சுற்றில் கல்லியோ பக்கம் சாய்ந்தார்கள். கல்லியோ 177, ஸ்டோல்பெரி 19.