தரம் 1 மெனிஞ்சியோமா, ஆனால் கேஐ-67 அதிகம்: எந்த மூலக்கூறு சோதனை முதலில்?

கேள்வி
கன்வெக்சிட்டி மெனிஞ்சியோமா (மூளையின் மேல்வளைவுப் பக்கம் மூளை உறையில் வளர்ந்த கட்டி), முழுதாக எடுத்தாயிற்று. 10 ஹை பவர் ஃபீல்டில் (மைக்ராஸ்கோப்பில் அதிக உருப்பெருக்கத்தில் தெரியும் பரப்பு) 3 மைட்டோசிஸ் (பிரியும் செல்). மூளைக்குள் ஊடுருவல் இல்லை. சிறு செல்களும் ஷீட் அமைப்பும் (செல்கள் வழக்கமான ஒழுங்கின்றி விரிப்பாகப் பரவியிருப்பது) மட்டும் உண்டு, அதனால் தரம் 1. ஆனால் கேஐ-67 (பெருகும் செல்களின் விகிதத்தைக் காட்டும் குறியீடு) சில இடங்களில் 12% வரை போகிறது. இருப்பது ஒரே பாரஃபின் பிளாக் (மெழுகில் பதித்த திசு). எதில் தொடங்கலாம்? எது வந்தால் தரமே மாறும்?

பதில் 1
கேஐ-67 தரத்தை மாற்றாது. மேலே தேடச் சொல்லும், அவ்வளவுதான். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வகைப்பாட்டில், மைக்ராஸ்கோப்பில் கட்டி எவ்வளவு சாதுவாகத் தெரிந்தாலும் நேரே தரம் 3-க்குக் கொண்டுபோகும் மூலக்கூறு மாற்றங்கள் இரண்டு. ஒன்று டெர்ட் ப்ரொமோட்டர் (டெர்ட் ஜீனை இயக்கும் பகுதி) மியூட்டேஷன். மற்றது செல் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் சிடிகேஎன்2ஏ/பி ஜீன்களின் ஹோமோசைகஸ் டெலிஷன், அதாவது இரண்டு பிரதிகளும் போயிருக்க வேண்டும். ஒரு பிரதி மட்டும் போனால் தரம் 3 ஆகாது. ரிப்போர்ட்டில் வெறுமனே "சிடிகேஎன்2ஏ இழப்பு" என்றிருந்தால் எத்தனை பிரதி என்று லேபில் கேட்டே ஆகவேண்டும்.

1பி-யையும் (குரோமோசோம் 1-ன் குட்டைக் கை) விட்டுவிடாதீர்கள். 22கியூ (குரோமோசோம் 22-ன் நீளக் கை) இழப்போ அதிலுள்ள என்எஃப்2 ஜீனில் மியூட்டேஷனோ இருந்து, கூடவே 1பி-யும் போயிருந்தால் தரம் 2 ஆகக் கருதலாம் என்று மூளைக்கட்டி வகைப்பாட்டு நிபுணர்களின் சிஇம்பாக்ட்-நவ் குழு 2024-ல் பரிந்துரைத்தது. கன்வெக்சிட்டி கட்டியில் டெர்ட்டை விட இது கிடைக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

பிளாக் ஒன்றுதான் என்பதால் தேவையான செக்‌ஷன் எல்லாவற்றையும் ஒரே தடவையில் வெட்டி வாங்குங்கள். ஒவ்வொரு முறை மைக்ரோடோமில் ஏற்றும்போதும் திசு வீணாகும். கேஐ-67 தூக்கலாக உள்ள இடத்தை எச்&இ (வழக்கமான சாயமிட்ட) ஸ்லைடில் மார்க் செய்து, டிஎன்ஏ-வை அங்கிருந்தே எடுக்கச் சொல்லுங்கள்.

பதில் 2
டிஎன்ஏ-வுக்கு முன் இரண்டு ஐஎச்சி (ஆன்டிபாடி கொண்டு புரதத்துக்கு நிறமேற்றும் சோதனை): எச்3கே27எம்இ3 (ஹிஸ்டோன் புரதத்தில் ஒரு வேதிக் குறி), எம்டேப்.

எச்3கே27எம்இ3 ஸ்லைடில் முதலில் ரத்தக்குழாய் எண்டோதீலியத்தை (உட்சுவர்ச் செல்கள்) பாருங்கள். அதன் நியூக்ளியஸ் நிறம் ஏறியிருக்க, கட்டிச் செல்கள் முழுக்க வெளுத்திருந்தால்தான் இழப்பு. எண்டோதீலியமும் வெளுத்திருந்தால் அது ஃபிக்சேஷன் (திசுவை ஃபார்மலினில் பதப்படுத்துவது) கோளாறு. அந்த ஸ்லைடை வைத்து எதுவும் சொல்லக்கூடாது. அங்கங்கே திட்டுத்திட்டாக வெளுத்திருப்பதை இழப்பு என்று எழுதவேண்டாம். உண்மையான இழப்பு மறுபடி வளரும் ஆபத்தைக் காட்டும், தரத்தை மாற்றாது.

எம்டேப் ஜீன் குரோமோசோம் 9-ல் 9பி21 பகுதியில் சிடிகேஎன்2ஏ-வுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே போகும். எம்டேப் வெளுத்தால் சந்தேகம் வலுக்கிறது, ஃபிஷ் அல்லது அரே (ஜீன் பிரதி எண்ணிக்கையைக் காட்டும் சோதனைகள்) வைத்து உறுதி செய்யுங்கள். நிறம் இருந்தால் மட்டும் நிம்மதியடைய முடியாது, டெலிஷன் எம்டேப்பைத் தொடாமலும் போயிருக்கலாம். பி16-ஐ (சிடிகேஎன்2ஏ உருவாக்கும் புரதம்) மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள்.

கேட்டவர்
நன்றி டாக்டர். லேபில் எக்சோம் (ஜீன்களின் புரதக் குறியீட்டுப் பகுதிகளைப் படிக்கும் சோதனை) செய்து "டெர்ட் நெகட்டிவ்" என்று கொடுத்தால் போதுமா?

பதில் 3
போதாது. டெர்ட்டில் தேடும் சி228டி, சி250டி மியூட்டேஷன்கள் இரண்டும் ப்ரொமோட்டரில் இருப்பவை. பல எக்சோம் கிட் அந்தப் பகுதியைப் பிடிப்பதே இல்லை. அங்கே கவரேஜ் (எத்தனை முறை படித்தார்கள்) எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். ஜிசி (டிஎன்ஏ-வின் ஜி, சி எழுத்துகள்) செறிந்த இடம் என்பதால் சாதாரண பிசிஆர் (டிஎன்ஏ-வைப் பெருக்கும் முறை) திணறும், டிஎம்எஸ்ஓ என்ற ரசாயனம் சேர்க்க வேண்டிவரும்.

சாங்கர் முறையில் டிஎன்ஏ-வைப் படித்தால், மாறிய அலீல் (ஜீன் பிரதி) 15–20%-க்குக் கீழே இருந்தால் கண்ணுக்குப் படாது. மாதிரியில் கட்டிச் செல் 30% என்றால் ஹெட்டரோசைகஸ் (ஒரு பிரதியில் மட்டும் உள்ள) மியூட்டேஷன் 15%தான் தெரியும், அதாவது தவறிப்போகும் விளிம்பில்.

மறுபக்கமும் உண்டு. ஃபார்மலின் சைட்டோசினை (டிஎன்ஏ-வின் சி எழுத்து) கெடுத்து பொய்யான சி-டி மாற்றத்தை உண்டாக்கும். இந்த இரு மியூட்டேஷன்களும் அதே வகைதான். மிகக் குறைந்த அலீல் அளவில் பாசிட்டிவ் வந்தால், தரம் 3 என்று எழுதுவதற்கு முன் தனி பிசிஆர் ஒன்றில் மறுபடி பார்த்துவிடுங்கள்.