வரைய உட்கார்ந்தால் கை போனுக்குப் போகிறது, வழி சொல்லுங்கள்

ஈரத்தாள்:
வாட்டர்கலர் பழகி வருகிறேன். இரவு 9 மணியிலிருந்து 10.30 வரை எனக்கென்று ஒதுக்கிய நேரம். அதில் தூரிகை கையில் இருப்பது அரை மணிகூடத் தேறவில்லை. மாதிரிப் படம் பார்க்கப் போனை எடுக்கிறேன், மேலே ஒரு அறிவிப்பு வருகிறது, அதைத் தொட்டால் ஒரு வீடியோ, அப்புறம் இன்னொன்று. நிமிர்ந்து பார்த்தால் தட்டில் கரைத்து வைத்த நீலம் காய்ந்து ஒட்டிக் கிடக்கிறது.

ஆண்ட்ராய்டில் செயலிக்கு 30 நிமிட வரம்பு வைத்தேன், நானே போய் நீக்கிவிடுகிறேன். செயலியையே அழித்தேன், பிரவுசரில் திறந்துகொண்டேன். வேறு அறையில் வைக்கலாம் என்றால் மாதிரிப் படம் அதில்தான் இருக்கிறது. அம்மா அழைத்தால் எடுக்கவும் வேண்டும். இப்படியே போனால் வரைவதே விட்டுப்போகுமோ என்று பயமாக இருக்கிறது.

கோடுகள்:
பூட்டும் சாவியும் ஒரே கையில் இருந்தால் அப்படித்தான் ஆகும். வரம்பை விடுங்கள். ஆண்ட்ராய்டு அமைப்புகளில் உள்ள டிஜிட்டல் வெல்பீயிங் பகுதியில் ஃபோகஸ் மோட் இருக்கிறது. தொல்லை தரும் செயலிகளோடு பிரவுசரையும் சேர்த்து, தினமும் 9 முதல் 10.30 வரை என்று நேரம் குறித்துவிடுங்கள். அந்த நேரத்தில் அவை திறக்காது, அறிவிப்பும் வராது. அதையும் நிறுத்த முடியும்தான், ஆனால் ஒவ்வொரு நாளும் தொடங்குவது உங்கள் கையில் இல்லை என்பதே பெரிய வித்தியாசம்.

அம்மாவின் எண்ணுக்கு நட்சத்திரக் குறி போட்டு, டூ நாட் டிஸ்டர்பில் அந்த அழைப்பை மட்டும் அனுமதியுங்கள். மணிச் சத்தத்தைக் கூட்டி வைத்தால் அடுத்த அறையிலிருந்தும் கேட்கும். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு, செயலிகளுக்கு நேர வரம்பு வைக்கும் ஸ்கிரீன் டைமின் கடவுக்குறியீட்டை வீட்டில் வேறு ஒருவரைப் போடச் சொல்வதுதான் உருப்படியான வழி.

கரித்துண்டு:
மாதிரிப் படத்துக்கு என் வழக்கம்: மதியமே தேர்ந்தெடுத்து அச்செடுத்துவிடுவேன். இரவில் தேடல் கிடையாது. தேடுவது ஒரு வேலை, வரைவது வேறு வேலை.

போனில்தான் பார்க்க வேண்டும் என்றால் திரையைக் கிரேஸ்கேலில், அதாவது கறுப்பு வெள்ளையில் போடுங்கள். ஆண்ட்ராய்டில் கலர் கரெக்‌ஷன், ஐபோனில் கலர் ஃபில்டர்ஸ் பகுதியில் இருக்கும். நிறம் போனால் வீடியோவின் கவர்ச்சி பாதி குறையும். அதோடு படத்தில் எது வெளிச்சம், எது நிழல் என்பது பளிச்சென்று தெரியும். நமக்கு முதலில் வேண்டியது அதுதானே?

மெல்லிய மை:
அமைப்புகளை மாற்றும் முன் ஒன்று கேட்கிறேன். சரியாக எந்த நொடியில் கை போனுக்குப் போகிறது? 4 நாள் தாளின் ஓரத்தில் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று எழுதுங்கள்.

ஈரத்தாள்:
குறித்துப் பார்த்தேன். மொத்தம் 11 கோடு. மாதிரிப் படத்துக்காக எடுத்தது 2தான்! 8 முறை முதல் வாஷ், அதாவது நீர்த்த நிறத்தின் முதல் பூச்சு, காயக் காத்திருந்தபோது. மீதி ஒன்று, படத்தில் உள்ள முகத்தில் கை வைத்தால் கெட்டுவிடுமோ என்று தயங்கியபோது. பிரச்சினை மாதிரிப் படம் என்றே இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மெல்லிய மை:
அப்படியானால் காயும் நேரத்துக்குக் கையில் வேலை கொடுக்க வேண்டும். அஞ்சலட்டை அளவில் இரண்டு தாள் ஒட்டி வையுங்கள். ஒன்று காயும்போது இன்னொன்றில் பென்சில் கோடு. அதுவும் முடிந்தால் தாளையே பாருங்கள். மேலே மினுமினுப்பு இருக்கும்வரை ஈரம். மினுப்பு போன பிறகு புறங்கையை மெல்ல வைத்துப் பாருங்கள், சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் காயவில்லை. அந்த அரை ஈரத்தில் நீர் நிறைந்த தூரிகை பட்டால் காலிஃபிளவர் மாதிரி பூத்துவிடும். இந்தப் பொறுமைதான் வாட்டர்கலரில் பாதி.

அந்த 10 நிமிடத்தில் போன் பார்த்தால் என்ன என்று தோன்றும். முடிக்காத வேலையிலிருந்து தாவினால் கவனத்தில் ஒரு பங்கு பழையதிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் என்று மேலாண்மைத் துறை ஆய்வாளர் சோஃபி லெராய் 2009 ஆய்வில் எழுதினார். முடிவில்லாமல் உருளும் திரைக்கோ முடிவு என்பதே இல்லை. 2006இல் அதை வடிவமைத்த அஸா ராஸ்கினே பின்னாளில் வெளிப்படையாக வருந்தியிருக்கிறார். தாள் காய்ந்துவிடும், உங்கள் மனம் திரும்பி வந்திருக்காது.

தயக்கத்துக்கு மருந்து, அதே முகத்தை ஒரு துண்டுத் தாளில் மூன்று முறை போட்டுப் பார்ப்பது.

ஈரத்தாள்:
3 வாரம் ஆயிற்று. ஃபோகஸ் மோட் ஓடுகிறது, போன் அடுத்த அறையில். இரண்டு நாள் எழுந்து போய் எடுத்தேன், மறைக்கவில்லை. மற்ற நாட்களில் இரண்டு தாளும் மாறி மாறி நடக்கிறது. நேற்று வானம் போட்டுவிட்டு மினுப்பு போகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். ஓரத்திலிருந்துதான் முதலில் காய்கிறது, இதை நான் ஒருநாளும் கவனித்ததே இல்லை. 10.30க்குத் தட்டில் நீலம் தீர்ந்திருந்தது.

அச்செடுத்த படத்தில் பச்சை மட்டும் மங்கலாக வருகிறது. கரித்துண்டு, அதற்கு என்ன செய்கிறீர்கள்?

கரித்துண்டு:
அச்சுப் பச்சையை நம்பாதீர்கள். மதியமே திரையைப் பார்த்து, அந்தப் பச்சையைக் கலந்து ஒரு துண்டுத் தாளில் தீற்றி, மாதிரிப் படத்தோடு குத்தி வையுங்கள். இரவில் அதைப் பார்த்துக் கலந்தால் போதும்.