பாம்பன் கரையில் விடிகாலை நாலரை மணிக்கு

போன மாதம் பாம்பன் தென்கடல் பக்கம் மீன் ஏலத்தைப் படம் எடுக்கப் போனேன், முதல் நாள் எடுத்ததில் ஒன்றுகூடத் தேறவில்லை. லாட்ஜின் ஏசி அறையில் கிடந்த கேமராவை நேராகக் கடற்காற்றுக்குக் கொண்டுபோனால் லென்ஸ் முழுக்க வேர்த்துவிடும் என்பது அங்கே போய்த்தான் உறைத்தது. அது தெளிந்த பிறகு டிரைபாடைப் போட்டு, ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் அளவு) 100, ஷட்டர் திறந்திருப்பது ஒரு செகண்ட் என்று படித்ததை அப்படியே செய்தால், கரை பளிச்சென்று இருக்கிறது, வள்ளமும் ஆட்களும் ஆவி மாதிரி இழுபட்டிருக்கிறார்கள். அலையில் ஆடுகிற வள்ளத்துக்கு டிரைபாட் என்ன செய்யும்?

மறுநாள் கேமராவை முந்தின ராத்திரியே ஏசி இல்லாத வராந்தாவில் பையோடு வைத்துவிட்டு, 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸை மட்டும் மாட்டிக்கொண்டு போனேன். எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறக்கும், அதனால் எஃப் 5.6-இல் நிற்கிற, கேமராவோடு வரும் கிட் லென்ஸைவிட ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம் வாங்கும். ஷட்டர் 1/125 செகண்ட், ஐஎஸ்ஓ 3200. நாய்ஸ் புள்ளி புள்ளியாக வரத்தான் செய்தது, வரட்டும், ஆட்டத்தை எந்த சாஃப்ட்வேராலும் சரியாகத் திருத்த முடியாது.

ஆனால் படம் மாறியது அதனால் மட்டும் இல்லை. வலையில் நண்டு கழித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "இருட்டுக்குள்ள நின்னு எதத் தம்பி எடுக்குறிய, லைட்டுக்கு இந்தப் பக்கம் வாங்க" என்றார். போய் நின்றால், நெற்றி லைட் வெளிச்சம் மீன் செதிலில் பட்டுத் தெறித்து எதிரே இருந்தவர்கள் முகத்தில் விழுகிறது. லைட் ஃபிரேமுக்குள் வராமல் முகத்தில் விழும் வெளிச்சத்தை அளந்து எடுத்த நாலு படம்தான் உருப்படி.

— — —

நான் மண்டபம்காரன். டிரைபாடை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீங்க அண்ணே. 2025 ஏப்ரலில் திறந்த புது ரயில் பாலத்தை சூரியன் மறைந்து இருபது நிமிடம் கழித்து, வானம் நீலமாக இருக்கும்போது, கரையிலிருந்து எட்டு செகண்டில் எடுத்தேன், நன்றாக வந்தது. அதையே ரோட்டுப் பாலத்தில் நின்று முயன்றபோது பஸ் போகும்போதெல்லாம் பாலமே அதிர்ந்து எல்லாம் இரட்டை இரட்டையாக விழுந்தது. கரையில்கூட ஈர மணலில் கால் இறங்கும், நன்றாக அழுத்தி ஊன்றிவிட்டு, பட்டனை அழுத்துகிற ஆட்டம் படத்தில் விழாமல் இருக்க இரண்டு செகண்ட் டைமர் வையுங்க.

— — —

உங்கள் இருவரையும்போல் கேமரா இல்லை, என்னிடம் இருப்பது போன்தான். நைட் மோட் பல படங்களை எடுத்து ஒன்றாக அடுக்குவதால் ஆட்களை அசையாமல் நிற்கச் சொல்ல வேண்டும், எங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் அது நடக்காது. தனுஷ்கோடிக் கோடியில் இருக்கும் அரிச்சல்முனையில் எடுத்ததெல்லாம் மங்கலாகவே வருகிறதே, போனில்தான் கோளாறு என்று நினைத்து, கடைக்குக் கொண்டுபோகிற வரைக்கும் போய்விட்டேன். கடைசியில் பார்த்தால் லென்ஸில் உப்புப் படிந்திருந்தது, அதை எடுத்ததும் மங்கல் போய்விட்டது. அதுவரை சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்ததில் விழுந்த கீறல்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன.